ஆட்டுக் கொட்டகையில் எண்ணிய ஆணிகள்

சாகுலுக்கு,

ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். நலமா என்று கேட்க இப்போது மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். சென்னையில் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கி, தங்க எழுத்தில் அழைப்பிதழ் அடித்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறவனுக்கு என்ன குறை? எனக்குத்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா கேட்டால் வெயில் என்று சொல்லிவைத்திருக்கிறேன். படப்பிடிப்புக்கு நம் இரும்புக் கடை வேண்டும் என்று ஆள் அனுப்பியிருக்கிறாய் அல்லவா, அதற்கு என் பதில் இது. கொஞ்சம் நீளும். உன் ஆபீஸில் கதை விவாதம் என்று வட்டமாக உட்கார்ந்திருப்பார்களே, அவர்களுக்கும் உரக்கப் படித்துக்காட்டு. எனக்கு ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

போன வியாழக்கிழமை உன் உதவி இயக்குநர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பணிவான பிள்ளைதான், அவர்மேல் குறை இல்லை. கடைக்குள் நுழைந்ததும் "சார் சொன்ன மாதிரியே இருக்குங்க" என்று தராசு, தொங்குகிற சங்கிலி, கப்பி, மண்வெட்டி, ஆணிப் பெட்டி என்று ஒன்று விடாமல் போட்டோ எடுத்தார். நான் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். இப்போது நினைத்தால் அசட்டுத்தனமாக இருக்கிறது. தெருவே கூடிவிட்டது. சுடலைமுத்துக் கோனார் எதற்கோ கதவுக் கீல் வாங்க வந்தவர், அதை மறந்துவிட்டு, "என்ன மச்சான், நம்ம கடை சினிமாவுல வரப்போவுதாம்லா. ஓரமா எனக்கும் ஒரு எடம் உண்டுமா?" என்றார். உன் ஆள் அவர் பெயரைக் கேட்டதும் குதிக்காத குறைதான். "ஐயா, நீங்கதானா அது? சார் உங்களைப் பத்திப் பேசாத நாளில்லை. எங்க நடிகருக்கு ஆணி எண்ணுறது எப்படின்னு நீங்கதான் காட்டித் தரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கோனாருக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அப்படி ஒரு சந்தோஷம்.

போகும்போது அந்தப் பிள்ளை ஒரு ஃபைலைக் கொடுத்தார். "ஊர்ப் பேச்சு சரியா இருக்கான்னு நீங்க பாத்துக் குடுக்கணுமாம், சார் சொன்னார்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மதியமே கல்லாவில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தேன். "வருகிறேன்" என்று நீ எழுதிய இடத்தில் "வாரேன்" என்று போட்டேன். "அங்கே" எல்லாவற்றையும் "அங்கன" ஆக்கினேன். "உம் மவனுக்கு மெட்ராஸ் பேச்சு ஒட்டிக்கிட்டுடீ" என்று உன் அம்மாவிடம் கேலி பேசிக்கொண்டே முப்பது பக்கம் திருத்தினேன். இரும்புக் கடை வருகிறது, கடைக்கார பாய் வருகிறார், ஆடு மேய்க்கிற மாடசாமி என்ற பெயரில் நம் கோனார் வருகிறார். நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான் என்று வரிக்கு வரி சிரித்தேன். கடைசியில் மாடசாமி குண்டு வெடித்துக் குற்றுயிராகக் கிடக்கிற காட்சி. "உங்களைப் போய் நம்பினேனே பாய்" என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகிறார். அந்த வரியையும் திருத்தினேன் சாகுல். "போய்" என்பதைப் "போயி" ஆக்கி, "நம்பினேனே" என்பதை "நம்புனேனே" என்று மாற்றிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். திருப்பிய பிறகுதான் என்ன படித்தோம் என்று மண்டையில் ஏறியது. பென்சிலைக் கீழே போட்டேன்.

நீ சென்னைக்குப் போவதற்கு முன்னால், ஏட்டு நம் கடைக்கு வந்த அன்றைக்கு நடந்தது என்ன என்பது உனக்குத் தெரியும். நீ பக்கத்தில் நின்றாய். ஆனாலும் எழுதுகிறேன், உன்னோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியட்டும். எங்கோ தூரத்து ஊரில் குண்டு வெடித்தது. அந்த ஊரை நான் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே ஒரு ஏட்டு வண்டியை நம் கடை வாசலில் நிறுத்தி, என் ஸ்டூலில் உட்கார்ந்து, "பாய், பில் புக்கை எடுங்க. சமீபத்துல ஆணி, பைப்பு மொத்தமா வாங்குனது யாரு?" என்றார். நம் தெருவில் இன்னும் மூன்று இரும்புக் கடை உண்டு. அங்கேயெல்லாம் அவர் போகவில்லை. கடைத்தெரு முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறது. அந்தப் பதற்றத்தில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "சுடலைமுத்துக் கோனார் மூணு கிலோ வாங்குனாருங்க" என்று என் கூட்டாளியின் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் தன் ஆட்டுக் கொட்டகைக்கு வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் என் தலை தப்பினால் போதும் என்று அவர் தலையை நீட்டிவிட்டேன். அன்று முழுக்க எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கோனாருக்கு யாரோ போய்ச் சொல்லி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே கடைக்கு வந்துவிட்டார். என்மேல் கோபப்படுவார் என்று நினைத்துத் தலையைத் தொங்கப்போட்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "ஏட்டய்யா, மூணு கிலோ ஆணியும் எங்கிட்டதான் இருக்கு. கொட்டகையில அடிச்சிருக்கேன். வாங்க, ஒண்ணொண்ணா எண்ணிருவோம்" என்றார். ஏட்டு சிரித்து மழுப்பப் பார்த்தார். கோனார் விடவில்லை. "எண்ணாமப் போனா கடைக்கார அண்ணாச்சி மேல உங்களுக்குச் சந்தேகம் இருந்துக்கிட்டேல்லா இருக்கும். வாங்க" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போனார். முந்தின நாள் மழை. கரிசல் மண் ஏட்டின் பூட்சில் அப்பி அப்பி, அவர் நடையே மாறிப்போயிற்று. நீயும் நானும் பின்னாலேயே போனோம். கொட்டகையில் கோனார் ஒவ்வொரு ஆணியாக விரலை வைத்து, ஏட்டின் வாயால் எண்ணவைத்தார். முன்னூறைத் தாண்டியதும் ஏட்டு, "போதும்யா, நான் எழுதிக்கிடுதேன்" என்றார். "அதெப்படி? கூரை பாக்கி கெடக்கு. ஏணி போடட்டுமா?" என்றார் கோனார். ஆடுகள் ஒரு பக்கம் கத்துகின்றன, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. திரும்பும்போது நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "எம் பேரைச் சொன்னது நல்லதாப் போச்சு மச்சான். வேற ஆளுன்னா பயந்து ஒளிஞ்சிருப்பான்" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இதை நீ எடுத்து என்ன செய்திருக்கிறாய்? அந்த ஏட்டு, அந்த ஸ்டூல், அந்தக் கொட்டகை, முன்னூறு ஆணி, ஏணி போடட்டுமா என்ற பேச்சு வரைக்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் உன் படத்தில் மாடசாமி அங்கே ஏட்டை நிறுத்தி எண்ணிக்கொண்டிருக்கும்போது, இங்கே பாய் பின்வாசல் வழியாகப் பைப்பில் அடைத்த குண்டை வண்டியில் ஏற்றுகிறான். ஏட்டு சந்தேகப்பட்டது சரி, நம்பியவன்தான் முட்டாள். ஒரு மனுசன் வாழ்நாளில் செய்த ஆகப் பெரிய காரியத்தைக் கோமாளித்தனமாக்கி, அதற்குத் தண்டனையாக அவனைக் கொன்றும் போட்டுவிட்டாய். இன்னொன்று கேட்கிறேன். போனில் பாய், "மருந்து வந்துருச்சா?" என்று கேட்கிறான், போலீஸ் அதை ஒட்டுக்கேட்டு ரகசியச் சொல் என்று கண்டுபிடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஏலே, நம் ஊரில் மருந்து என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? தீக்குச்சித் தலையில் முக்குகிற மருந்து. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற ஒவ்வொரு பொம்பளையும் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லுகிற வார்த்தை. கோனார் மகள் சொல்கிறாள், நம் அடுத்த வீட்டு ராஜாத்தி சொல்கிறாள். அவர்கள் எல்லோரையும் பிடித்து உள்ளே வைக்கலாமா? ஆனால் என் வாயில் வந்தால்தான் அது குண்டு, இல்லையா?

எனக்கு உன்மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதே. இது தொடங்கிய இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். நீ முதல் படத்துக்கு வசனம் எழுதியபோது எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாய். "அத்தா, சாகுல் ஹமீதுன்னு போட்டா, இவனுக்கு என்ன தமிழ் தெரியும்னு நெனப்பாவளாம். டைரக்டர் பேரை மாத்தச் சொல்லுதார். என்ன செய்ய?" என்று கேட்டாய். நீ என்னிடம் எதிர்பார்த்தது, வேண்டாம்லே, உன் பேர்லயே எழுது, இல்லாட்டி ஊருக்கு வா என்ற ஒரு பேச்சு. நான் என்ன சொன்னேன்? "மாத்துனா மாத்திட்டுப் போயேம்லே. வசந்தராஜுன்னு வச்சுக்கோ, கேக்க நல்லாருக்கு" என்றேன். பெயரையும் நானே வைத்துக் கொடுத்தேன். கேட்பவன் வாயைத் திறப்பதற்குள் விட்டுக்கொடுத்துவிடுவது என் சுபாவம். ஏட்டு வந்த மறுவாரமே பெயிண்டரைக் கூப்பிட்டுக் கடைப் பலகையில் இருந்த உன் தாத்தா பெயரை அழித்து, வெறும் ‘இரும்புக் கடை’ என்று எழுதவைத்தவன் நான். நீ அதையும் பார்த்தாய். பெயரைக் கழற்றிப்போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது சினிமாக்காரர்கள் இல்லை, நான்தான். அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

உன் மூன்றாவது படம் இங்கே ரிலீஸ் ஆனபோது நானும் கோனாரும் முதல் நாளே போனோம். அதில் ஒரு வட்டிக்கடை பாய் வந்து, "நம்பள் குடுத்தா நிம்பள் வாங்கு" என்று பேசினார். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். என் மகன் எழுதியதற்கு இத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று சிரித்தேன். கோனார் மட்டும் என் பக்கம் திரும்பி, "ஏன் மச்சான், நீங்க எப்பம் இப்படிப் பேசுனிய?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். நம் வீட்டில் யார் நம்பள் நிம்பள் என்று பேசினோம்? உன் அம்மாவா? ஓட்டப்பிடாரத்தில் இருக்கிற உன் மாமாவா? கோனார் வீட்டில் என்ன பேச்சோ அதேதான் நம் வீட்டிலும். உன் அம்மா உன்னை ஏலே என்றுதான் கூப்பிட்டாள். அந்தப் படத்துக்குப் பிறகு ஆறு மாதம் தெருப் பிள்ளைகள் கடையைத் தாண்டும்போதெல்லாம் "நம்பள் அண்ணாச்சி" என்று கத்திவிட்டு ஓடின. ஊரில் இத்தனை வருசம் அண்ணாச்சி என்று மட்டும் இருந்தவனுக்கு முன்னால் ஒரு சொல்லை ஒட்டிவைத்தாய். உன்னிடம் சொன்னால் மனம் கஷ்டப்படுவாய் என்று மறைத்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்த ஃபைலை நீ எழுதியிருக்க மாட்டாயோ என்று இப்போது தோன்றுகிறது.

முந்தாநாள் ஒரு வழியாக நீ போனில் கிடைத்தாய். ஃபைலைப் படித்தேன் என்றேன். "அது கதைதானே அத்தா. எல்லாப் படத்துலயும் இப்பம் இப்படித்தான் ஓடுது. பைனான்சியர் வேற மாதிரி கேக்கமாட்டேங்கார்" என்றாய். அது வரைக்கும்கூடப் பொறுத்தேன். அதற்குப் பிறகு ஒன்று சொன்னாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. "இந்தப் படத்துல எம் பேரை சாகுல் ஹமீதுன்னே போடப்போறேன் அத்தா. பாய்மாரே எடுத்த படம்னா யாரும் கேள்வி கேக்கமுடியாதுல்லா." எத்தனை வருசம் நான் தியேட்டர் திரையில் அந்தப் பெயரைத் தேடியிருப்பேன். வசந்தராஜ் என்று வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் "இது எம் மவன்தான்" என்று விளக்கம் சொல்லியிருப்பேன். நல்லதை எழுதுகிறபோது வெளியே நிறுத்திவைத்த பெயரை, எங்களைக் கொலைகாரனாகக் காட்டுகிறபோது சாட்சிக்குக் கூப்பிடுகிறாய். நான் உன்னை அடித்து வளர்த்ததில்லை. அன்று நீ எதிரில் நின்றிருந்தால் கை ஓங்கியிருப்பேன்.

முஸ்லிமைக் கெட்டவனாக எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக எழுது. நம் ஜமாத்திலேயே கூடப்பிறந்தவள் பங்கை அமுக்கியவர் உண்டு, ஐந்து வேளை தொழுதுவிட்டுப் பொய்ச்சாட்சி சொன்னவர் உண்டு. என்னைக் கேட்டால் நானே பட்டியல் தருவேன். என்னையே கெட்டவனாக எழுது, கூட்டாளியைக் காட்டிக்கொடுத்த கோழை என்று எழுது. அது உண்மை, நான் தலைகுனிந்து ஒத்துக்கொள்வேன், கடையையும் திறந்துவிடுவேன். ஆனால் நீ எழுதியிருக்கிறாயே, அந்த பாய் எதற்காகக் குண்டு வைக்கிறான்? முப்பது பக்கத்தில் ஓர் இடத்திலாவது சொல்லியிருக்கிறாயா? அவனுக்குப் பெண்டாட்டி உண்டா, அவன் எதைக் கண்டு பயப்படுகிறான், சாப்பிட்டானா, ஒன்றுமே உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்ததெல்லாம் என் ஸ்டூல், என் தராசு, கயிறு கட்டிய என் மூக்குக் கண்ணாடி. ஆள் யாரென்று தெரியாததால் என் சாமானையெல்லாம் எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டாய். கதை எழுதுகிறவனுக்கு இதைவிடச் சோம்பேறித்தனம் உண்டா? நீ சின்ன வயதில் ஒரு பொய் சொன்னால்கூட அதை நம்புகிற மாதிரி நாலு விவரம் சேர்த்துச் சொல்வாய். இப்போது அடுத்தவன் காசை வாங்கிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு அந்தப் பாடும் படமாட்டேன் என்கிறாய்.

இன்று காலை கோனார் கடைக்கு வந்தார். தலைக்கும் மீசைக்கும் மை பூசியிருந்தார். விளாத்திகுளத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கும் சொல்லி அனுப்பிவிட்டாராம், அவள் பிள்ளைகளோடு வந்து வேடிக்கை பார்க்கட்டும் என்று. "சூட்டிங்கு எப்பம் மச்சான்? கொட்டகையில ஆணியெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு, படத்துல அசிங்கமாத் தெரியுமேன்னு எண்ணெய் போட்டுத் தொடைச்சு வச்சிருக்கேன்" என்றார். அந்த ஃபைல் கல்லாவுக்கு அடியில் கிடந்தது. நான் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, "இன்னும் தேதி வரல மச்சான், சொல்லி அனுப்புதேன்னான்" என்று சொன்னேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. உனக்காகச் சொன்னேன். என் மகன் உன்னை முட்டாளாக்கிக் கொன்று எழுதியிருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வது? அவர் தலை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

எழுத உட்கார்ந்தபோது ஒரு நிபந்தனை போடலாம் என்றுதான் இருந்தேன். நீ நேரில் வா, கோனாரைக் கடையில் உட்காரவைத்து அந்தக் காட்சிகளை உன் வாயாலேயே படித்துக்காட்டு, அவர் சரி என்றால் கடையை எடுத்துக்கொள் என்று. நியாயமான பேச்சாகத்தான் பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நீ வருவாய். நாலு கம்பெனி ஏறி இறங்கிக் கதை சொன்னவன், கூச்சமில்லாமல் படிக்கவும் படித்துவிடுவாய். கோனார் கடைசி வரி வரைக்கும் கேட்பார். கேட்டுவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார். "நல்லாத்தாம்லே எழுதியிருக்க, எடு" என்று சொல்லிவிடுவார் சாகுல். நீ என் மகன் என்பதற்காகவே சொல்லிவிடுவார். ஏட்டு முன்னால் என்னை விட்டுக்கொடுக்காதவர் உன்னை மட்டும் விட்டுக்கொடுப்பாரா? நான் ஒரு தடவை அவரை முன்னால் தள்ளிவிட்டு என் தலையைக் காப்பாற்றிக்கொண்டேன், இன்னொரு தடவை உனக்காக அதைச் செய்ய மாட்டேன். கடை கிடையாது.

உன் அத்தா